அந்த ஒரு 'வெடுக்'!

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)

"மலருக்கு என்ன எழுதப் போறே?" என்று நண்பன் கேட்டான். "ஸ்நூக்கர் ஆடும்போது கை வெடுக்கென்று இழுக்குமே, அதைப் பற்றி" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கவிதை ஒண்ணும் இல்லையா மாப்ளே?" என்றான். கவிதைக்கு நம் கல்லூரியில் என்றைக்குப் பஞ்சம் இருந்தது? சிவில் டிபார்ட்மெண்ட் ஒன்று போதுமே, இரண்டு மலர் போடலாம்! கை இழுப்பதைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அது என்ன அப்படி ஒரு வியாதி என்கிறீர்களா? காய்ச்சல் வராது. வலி இருக்காது. டீ டம்ளரைப் பிடித்தால் கை நடுங்காது. கையெழுத்து மாறாது. க்யூவைப் பிடித்து, குனிந்து, குறி பார்த்து, பின்னால் இழுத்து, பந்தை அடிக்கப் போகிற அந்தக் கடைசி நொடியில் மட்டும் கை உங்கள் பேச்சைக் கேட்காது. வெடுக்! அவ்வளவுதான். பந்து ஒரு பக்கம், பாக்கெட் ஒரு பக்கம். ஆங்கிலத்தில் இதை ட்விட்ச் என்பார்கள், யிப்ஸ் என்றும் சொல்வார்கள். எங்கள் ஊர் பார்லரில் ஒரே வார்த்தைதான்: 'ஜெர்க்'. "அவனுக்கு ஜெர்க் வந்துருச்சுப்பா" என்று யாராவது சொன்னால், ஒரு பேட்ஸ்மேனுக்குக் கண் போய்விட்டது என்று சொல்வது போல.

முதலில் கொஞ்சம் ஆட்டம்

ஸ்நூக்கரை டி.வி.யில் மட்டும் பார்த்தவர்களுக்காக நாலு வரி. 1875-ல் ஜபல்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் (பின்னாளில் பிரதமரானவர் இல்லை, இவர் வேறு ஆள்) மழைக்காலத்தில் பொழுது போகாமல் உருவாக்கிய ஆட்டம் இது என்பார்கள். விதிமுறைகள் எழுதி மாட்டப்பட்டது நம்ம ஊட்டி கிளப்பில், 1882-ல். ஆக, இது லண்டனிலிருந்து இறங்கிய ஆட்டம் இல்லை. நீலகிரி மலையிலிருந்து இறங்கிய ஆட்டம்! 'ஸ்நூக்கர்' என்பது அந்தக் காலத்தில் வுல்விச் ராணுவப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பையன்களைக் கிண்டலாகக் கூப்பிடும் பெயராம். நம்ம பாஷையில் சொன்னால், 'ஃபர்ஸ்ட் இயர்'. முதலாமாண்டு தம்பிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மேசை 12 அடிக்கு 6 அடி. பச்சைத் துணிக்குக் கீழே கனமான ஸ்லேட் கல். பந்துகள் 22: சிவப்பு 15, வெள்ளை 1, மற்ற நிறங்கள் 6. ஒவ்வொரு பந்தும் 52.5 மி.மீ. விட்டம். சிவப்புக்கு 1 புள்ளி, கறுப்புக்கு 7. ஒரு சிவப்பு, ஒரு நிறம், மறுபடி ஒரு சிவப்பு என்று மாறி மாறிப் போட வேண்டும். ஒவ்வொரு சிவப்புக்கும் பிறகு கறுப்பையே போட்டு, கடைசியில் எல்லா நிறங்களையும் முடித்தால் 147. அதுதான் இந்த ஆட்டத்தின் நூற்றுக்கு நூறு.

இதில் ஒரு 'வெடுக்' என்ன பெரிய கேடு செய்துவிடும்? நம்ம ஆட்கள் கணக்கு இல்லாமல் நம்ப மாட்டார்கள். இதோ கணக்கு. வெள்ளைப் பந்துக்கும் சிவப்புக்கும் இடையே 1.8 மீட்டர். நேர் அடி. வெள்ளை போகும் பாதை வெறும் அரை டிகிரி திரும்பினால், சிவப்பைச் சேரும்போது அது கிட்டத்தட்ட 16 மி.மீ. விலகியிருக்கும். இரண்டு பந்தின் மையங்களுக்கும் இடையே தூரம் 52.5 மி.மீ. 16-ஐ 52.5-ஆல் வகுத்து, சைன் டேபிளைப் பாருங்கள். சிவப்பு 17 டிகிரிக்கு மேல் திசை மாறி ஓடும்! பாக்கெட் இன்னும் இரண்டடி தள்ளி இருந்தால், பந்து அதன் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போய் முட்டும். மூலைப் பாக்கெட்டின் வாயோ இரண்டு பந்து அகலம்கூட இல்லை. அரை டிகிரிக்கே இந்தக் கதி. ஜெர்க் வந்தவன் கை அரை டிகிரியோடு நிற்பதில்லை.

எனக்கு வந்த கதை

நான்காவது செமஸ்டர், பொங்கல் லீவு. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இரண்டே டேபிள் உள்ள பார்லர். வருடா வருடம் உள்ளூர்ப் போட்டி வைப்பார்கள். மூன்றாவது சுற்று, கடைசி ஃப்ரேம். பிங்க் வரை உள்ளே தள்ளிவிட்டேன். மேசையில் கறுப்பும் வெள்ளையும் மட்டும். கறுப்பைப் போட்டவன் ஜெயித்தான். இடையே ஒன்றரை அடி தூரம், கிட்டத்தட்ட நேர்க்கோடு. நடு ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் போடுகிற பந்து.

குனிந்தேன். இழுத்தேன். வெடுக்!

கறுப்பு பாக்கெட்டின் தாடையில் மோதி, அங்கேயே நின்று, எதிராளிக்கு இலை போட்டுச் சோறு வைத்தது. சுற்றி நின்றவர்கள் 'ச்ச்' என்றார்கள். தோற்றது பெரிய விஷயமில்லை. தோற்காத ஆட்டக்காரன் யார்? ஆனால் அந்த 'வெடுக்' என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை. ஆறடி தூரத்துப் பந்து போகும். மூலைக்கு மூலை போடுகிற பந்து போகும். எல்லோரும் கை தட்டுகிற பந்தெல்லாம் போகும். கைக்கு எட்டுகிற தூரத்தில், குழந்தைகூடப் போடும் என்கிற பந்து வந்தால் மட்டும் கை இழுக்கும். கஷ்டமான பந்தை விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் இல்லையா? 'கண்டிப்பா போடணும்' என்கிற பந்தில்தான் அது பதுங்கியிருந்தது. எதிராளிகளும் ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். "அவனுக்கு ஈஸி பாலா விடுடா, அவனே விட்டுருவான்" என்று காதுபடவே பேச்சு.

நண்பர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவன் க்யூவை மாற்றச் சொன்னான். ஒருவன் ராத்திரி மோர் குடிக்கச் சொன்னான். ஒருவன் தண்டால் எடுக்கச் சொன்னான். அப்பத்தாவுக்கு விஷயம் தெரிந்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். வீடு முழுக்க நெடி, எல்லோருக்கும் இருமல். "நெடி வருதே, அப்ப கண்ணு ஒண்ணும் படலப்பா" என்று அப்பத்தாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆக, திருஷ்டியும் இல்லை.

விளையாட்டுதானே, விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். விட்டிருப்பேன். ஆனால் பயம் மேசையோடு நிற்கவில்லை. ஒரு நாள் மெஷின் ஷாப்பில் ஃபைனல் கட் எடுக்கிறேன். இதில் விட்டால் ஜாப் ஸ்கிராப். கிராஸ் ஸ்லைடு ஹேண்டிலைப் பிடித்த கை, க்யூவைப் பிடிப்பது போலவே இறுகியது. கை இழுக்கவில்லை, ஜாப் நன்றாகவே வந்தது. ஆனால் 'இங்கேயும் வந்துவிட்டால்?' என்ற கேள்வி வந்தது பாருங்கள், அன்று ராத்திரி தூக்கம் போனது. நாளைக்குக் கையை நம்பிப் பிழைக்கப் போகிறவர்கள் நாம். கையே நம்மை ஏமாற்றினால்?

பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது

இந்த வியாதி வந்தவர்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போனது. ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் ஹென்ட்ரி 1990-ல் 21 வயதில் உலக சாம்பியன். அதுவரை அவ்வளவு இள வயதில் யாரும் ஆனதில்லை. 1999-க்குள் ஏழு முறை பட்டம். அந்த எண்ணிக்கையை ரோனி ஓ'சல்லிவன் எட்டிப் பிடித்ததே 2022-ல்தான். அப்பேர்ப்பட்ட ஹென்ட்ரியே, க்யூவைப் பந்தின் ஊடே நேராகச் செலுத்த முடியாமல் கை தடுக்கிறது, தனக்கு யிப்ஸ் வந்துவிட்டது, அது பல வருடமாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2012-ல் ஷெஃபீல்டில் நடந்த உலகப் போட்டியோடு ஓய்வு பெற்றார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே போட்டியின் முதல் சுற்றில் அவர் 147 அடித்தார்! அதாவது அந்தக் கை கெட்டுப் போன கை இல்லை. எப்போது கேட்கும், எப்போது கேட்காது என்று தெரியாத கை.

ஜெர்மனியின் கோல்ஃப் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் கதை வேறு மாதிரி. குழிக்கு இரண்டடி முன்னால் பந்து இருக்கும், மெல்லத் தட்டினால் போதும், கை துள்ளும். அவர் விடவில்லை. கைகளை இடம் மாற்றிப் பிடித்தார். பிறகு மட்டையை இடது முன்கையோடு சேர்த்து, அதை வலது கையால் கவ்விப் பிடித்தார். அதற்குப் பிறகு நீளமான மட்டைக்குப் போனார். பார்ப்பவர்கள் சிரித்திருப்பார்கள். 1985-லும் 1993-லும் மாஸ்டர்ஸ் பட்டம் வாங்கியவர் அவர்தான்.

டார்ட்ஸ் ஆட்டத்தில் இங்கிலாந்தின் எரிக் பிரிஸ்டோ. 1980 முதல் 1986-க்குள் ஐந்து முறை உலக சாம்பியன். பிறகு கையிலிருந்து டார்ட்டை விடவே முடியாத நிலை வந்தது. விரல் விட மறுத்தது. அதற்கு 'டார்ட்டைட்டிஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதோடும் போராடி மறுபடி இறுதி ஆட்டங்கள் வரை வந்தார். உலகப் பட்டம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

மூன்று பேரும் கோழைகளா? பயிற்சி இல்லாதவர்களா? இல்லை. ஒரே அசைவைப் பல்லாயிரம் முறை, மிக நுணுக்கமாகச் செய்தவர்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் கோல்ஃப் ஆட்டக்காரர்களைப் பார்த்து இதை இரண்டு முனைகளாகப் பிரித்தார்கள். ஒரு முனையில் நரம்பு சம்பந்தப்பட்டது: அதிகம் எழுதுகிறவர்களுக்குப் பேனா பிடித்தால் மட்டும் விரல் முறுக்கிக்கொள்ளுமே, அந்த ஜாதி. மறுமுனையில் பதற்றம் சம்பந்தப்பட்டது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். ஒரு எச்சரிக்கை: சாப்பிடும்போது, எழுதும்போது, சட்டைப் பொத்தான் போடும்போதும் கை நடுங்கினால், அது இந்தக் கட்டுரை பேசும் விஷயம் இல்லை. நேராக டாக்டரிடம் போங்கள்.

மார்க்கர் அண்ணன்

எங்கள் பார்லரில் ஸ்கோர் போட்டு, துணியை பிரஷ் செய்து, பந்தைத் துடைத்து வைப்பவர் மார்க்கர் அண்ணன். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவர் ஆடி நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் மழை. கரண்ட் வேறு போய்விட்டது. கடையில் நானும் அவரும்தான். எமர்ஜென்சி விளக்கைப் பொருத்தி வைத்துவிட்டு, நான் கேட்காமலேயே ஆரம்பித்தார்.

"தம்பி, உனக்கு வந்திருக்கே, அது எனக்கும் வந்துச்சு."

சின்ன வயதில் ஒரு பெரிய கிளப்பில் பந்து பொறுக்குகிற பையனாகச் சேர்ந்தவராம். மெம்பர்கள் போன பிறகு ஆடி ஆடியே கற்றுக்கொண்டு, மெம்பர்களே இவரை ஜோடியாகக் கேட்கிற அளவுக்கு வந்திருக்கிறார். ஒரு நாள் கை இழுத்தது. மறுநாளும் இழுத்தது.

"மூணு வருஷம் யாருகிட்டயும் சொல்லல தம்பி. கண்ணு தெரியலைன்னு சொன்னேன். நம்பணும்ல? பவர் இல்லாத கண்ணாடி ஒண்ணு வாங்கி மாட்டிக்கிட்டேன். அப்புறம் ஆட்டத்தையே விட்டுட்டேன். அதுக்கப்புறம் அடுத்தவங்க ஆடுற ஆட்டத்துக்குத்தான் ஸ்கோர் போடுறேன்."

"டாக்டர்கிட்ட காட்டலையாண்ணே?"

"என்னன்னு சொல்லிக் காட்டுறது? பந்து அடிக்கையில மட்டும் கை இழுக்குதுன்னா? சிரிக்க மாட்டாங்களா? ஜெர்க் என்னைய கெடுக்கல தம்பி. அதை மறைச்சேன் பாரு, அதுதான் கெடுத்துச்சு. நீ மறைக்காத."

பவர் இல்லாத கண்ணாடி! கேட்டதும் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே தொண்டை அடைத்தது. "அசைன்மெண்ட் இருக்குடா, இன்னிக்கு வரல" என்று நானும் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவருக்குக் கண்ணாடி, எனக்கு அசைன்மெண்ட்.

ரிப்பேர் வேலை

மெஷின் ரிப்பேரில் முதல் வேலை என்ன? ஃபால்ட் எங்கே என்று பார்ப்பது. செல்போனை ஸ்டூலில் சாய்த்து வைத்து, ஸ்லோ மோஷனில் ஐம்பது அடிகளைப் படம் பிடித்தோம். படத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. க்யூ பின்னால் போகிற வரை எல்லாம் ஒழுங்கு. முன்னால் திரும்புகிற இடத்தில் பின்கை திடீரென்று மூடுகிறது. மூடியதும் க்யூ வேகம் குறைகிறது, நுனி வலது பக்கம் சாய்கிறது.

லேத் ஓட்டிய எல்லோருக்கும் பேக்லேஷ் தெரியும். ஹேண்டிலை ஒரு திசையில் சுற்றிக்கொண்டிருக்கும் வரை பிரச்சினை இல்லை. திசை மாற்றும்போது திருகுக்கும் நட்டுக்கும் உள்ள இடைவெளி வெளியே தெரியும். என் ஜெர்க்கும் திசை மாறும் இடத்தில்தான் இருந்தது. இழுப்பதற்கும் அடிப்பதற்கும் நடுவே உள்ள அந்த மயிரிழை நேரத்தில், 'போகுமா போகாதா' என்கிற எண்ணம் நுழைந்து கையைப் பிடித்துக்கொள்கிறது.

ஃபால்ட் தெரிந்த பிறகு, மார்க்கர் அண்ணன் மேற்பார்வையில் வேலை ஆரம்பம். காலை பத்து மணிக்கு முன் டேபிள் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் காசு வாங்க மாட்டேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். லீவு நாட்களில் ஒரு மணி நேரம். இப்படித்தான் செய்தோம்:

ஒன்று. பந்தே இல்லாமல் அடி. காலி சோடா பாட்டிலைப் படுக்க வைத்து, அதன் வாய்க்குள் க்யூ நுனியை விளிம்பில் படாமல் விட்டு எடுப்பது. ஒரு நாளைக்கு நூறு முறை. ஒரு முறைகூட கை இழுக்கவில்லை! "பாத்தியா, கை நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணன். அன்றைக்குத்தான் எனக்கு மெஷின் ஷாப் பயம் போனது.

இரண்டு. வெள்ளைப் பந்து மட்டும். பிரவுன் ஸ்பாட்டில் வைத்து, ப்ளூ, பிங்க், பிளாக் ஸ்பாட்டுகளின் மேலேயே ஓட்டி, எதிர்க் குஷனில் மோத வைக்க வேண்டும். அதே கோட்டில் திரும்பி வந்து க்யூ நுனியைத் தொட்டால் அடி நேர். விழ வைக்க எதுவும் இல்லாததால் மனசு சும்மா இருக்கும். இங்கேயும் ஜெர்க் இல்லை.

மூன்று. பிடி. "அரம் பிடிக்கிற மாதிரி பிடிக்காத. கோழி முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடி" என்றார். க்யூ அதன் எடையிலேயே விரல்களில் தொங்க வேண்டும். அதோடு பின்கையை இரண்டு அங்குலம் முன்னால் தள்ளச் சொன்னார். எதற்கு? பெரிய காரணம் இல்லை. பழைய பிடிக்குப் பழைய ஜெர்க் பழகிப் போயிருக்கிறது, புதுப் பிடிக்கு இன்னும் பழகவில்லை. லாங்கர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

நான்கு. முடிவு எல்லாம் நின்றுகொண்டு. எந்தப் பந்து, எந்தப் பாக்கெட், எவ்வளவு வேகம் என்பதை நிமிர்ந்து நிற்கும்போதே தீர்த்துவிட வேண்டும். குனிந்த பிறகு யோசனை கிடையாது. சந்தேகம் வந்தால் எழுந்து, மறுபடி முதலிலிருந்து. இது ரொம்பக் கஷ்டம். எதிராளி முறைப்பான், முறைத்துவிட்டுப் போகட்டும்.

ஐந்து. எல்லா அடிக்கும் ஒரே சடங்கு. சாக் தடவு. குனி. மூன்று முறை க்யூவை முன்னும் பின்னும் ஓட்டு. மூச்சை மெல்ல விடு. நாலாவது இழுப்பில் பின்னால் ஒரு கணம் நிறுத்து. கண்ணைப் போட வேண்டிய பந்தின் மேல் வை. விடு. பந்து நிற்கும் வரை தலையைத் தூக்காதே. அந்த நிறுத்தம் என் பேக்லேஷை எடுத்துவிட்டது. ஆனால் எல்லோருக்கும் இது ஒத்து வராது. சிலர் நிறுத்தினால் அங்கேயே உறைந்துவிடுவார்கள். அவர்கள் நிற்காமல் ஒரே ஓட்டமாக அடிப்பதுதான் நல்லது. ஒரு வாரம் இரண்டையும் செய்து பாருங்கள். உங்கள் கைக்கு எது என்று அதுவே சொல்லும்.

ஆறு. படிப்படியாகக் கூட்டம். முதலில் தனியே. பிறகு ஒரு நண்பன் பார்க்க. பிறகு டீ பந்தயம். பிறகு டீயோடு பஜ்ஜி பந்தயம். சிரிக்காதீர்கள், டீக்கு வராத ஜெர்க் பஜ்ஜிக்கு வந்தது! பந்தயம் ஏற ஏறக் கையும் பழக வேண்டும்.

இந்த ஆறையும் விடப் பெரியது ஏழாவது. வாயால் சொல்வது. டீ பந்தய நாளில் ஆட்டம் தொடங்கும் முன், "டேய், எனக்கு ஜெர்க் இருக்கு. சின்ன பந்தை விடுவேன். விட்டா சிரிச்சுக்குங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஒரு நிமிடம் மௌனம். பிறகு எங்கள் செட்டிலேயே நன்றாக ஆடுகிற ஒருவன் மெல்லக் கேட்டான்: "உனக்குமா?" அவனுக்கும் ஆறு மாதமாக இருந்திருக்கிறது. ரெஸ்ட் எடுத்து ஆடும்போது மட்டும் வருமாம். அதனால்தான் அவன் ரெஸ்டையே தொடாமல், மேசை மேல் ஏறாத குறையாக எட்டி எட்டி ஆடிக்கொண்டிருந்தான். நாங்கள் அதை ஸ்டைல் என்று நினைத்திருந்தோம்! இருவர் ஜோடி சேர்ந்ததும் காலைப் பயிற்சி கலகலப்பானது.

மறைக்க ஒன்றும் இல்லை என்றான பிறகு, பந்து மேல் இருந்த சுமை இறங்கிவிட்டது. அதுவரை ஒவ்வொரு சின்ன பந்திலும் இரண்டு வேலை: பந்தைப் போட வேண்டும், எனக்கு ஜெர்க் இருப்பது தெரியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வேலை போனதும் முதல் வேலைக்குக் கை ஒழிந்தது.

முழுசாகப் போய்விட்டதா?

இல்லை. பொய் சொல்ல மாட்டேன். அடுத்த பொங்கல் போட்டியில் ஆடினேன். கால் இறுதி வரை போய் அங்கே தோற்றேன். நாலு ஆட்டத்திலும் சேர்த்து இரண்டு முறை ஜெர்க் வந்தது. ஒன்று, ப்ளூ, ஓரடி தூரம். வெடுக்! போன வருடமாக இருந்தால் அந்த ஃப்ரேமே முடிந்திருக்கும். இந்த முறை நாற்காலியில் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அடுத்த முறை எழுந்து வந்து அதே ப்ளூவைப் போட்டேன். என்னைப் பொறுத்தவரை கோப்பை அதுதான்.

ஹென்ட்ரிகூட ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து, 2021-ல் மறுபடி போட்டி மேசைக்கு வந்தார். முதல் ஆட்டத்தில் ஒரு ஃப்ரேமில் நூறுக்கு மேல் அடித்தார், ஆட்டத்தில் தோற்றார். ஐம்பது வயதைத் தாண்டிய ஏழு முறை சாம்பியன், தோற்பதற்கு வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தும் வந்து நின்றாரே, அது எனக்கு அவருடைய கோப்பைகளை விடப் பெரிதாகத் தெரிகிறது.

மார்க்கர் அண்ணனையும் ஒரு ஃப்ரேம் ஆடச் சொல்லி நாங்கள் எல்லோரும் கெஞ்சிப் பார்த்தோம். "போங்கடா, வேலை கிடக்கு" என்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். அவர் ஆடவில்லை. இருபது முப்பது வருடம் பூட்டிய கதவு ஒரு சாயங்காலத்தில் திறக்காது. ஆனால் இப்போது புதுப் பையன்கள் கை இழுக்கிறது என்று வந்தால், அவரே கூப்பிட்டு சோடா பாட்டிலைப் படுக்க வைக்கிறார். "எனக்கும் இருந்துச்சுப்பா" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறார். கண்ணாடி இல்லாமல்.

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் ஸ்நூக்கர் க்யூவைத் தொட்டிருக்க மாட்டோம். ஆனால் வைவாவில் எக்ஸ்டெர்னல் எதிரே உட்கார்ந்ததும் தெரிந்த பதில் தொண்டையில் நிற்பது யாருக்கு வரவில்லை? பிராக்டிகலில் எக்ஸாமினர் பின்னால் வந்து நின்றதும் வெர்னியர் ரீடிங் தப்பாகத் தெரிவது? கேம்பஸ் இன்டர்வியூவில் சொந்த ஊர்ப் பெயரே மறந்து போவது? எல்லாம் அதே 'வெடுக்'தான். தெரியாத கேள்விக்கு வராது. நன்றாகத் தெரிந்த கேள்விக்குத்தான் வரும்.

அதற்கும் இதே மருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளே போகும் முன்பே முடிவுகளை எடுத்துவிடுங்கள். உங்களுக்கென்று ஒரு சின்னச் சடங்கு வைத்துக்கொள்ளுங்கள். கையையோ நாக்கையோ இறுக்கிப் பிடிக்காதீர்கள். முக்கியமாக, பக்கத்து பெஞ்சுக்காரனிடம் "டேய், எனக்குப் பயமா இருக்குடா" என்று சொல்லிவிடுங்கள். பத்தில் எட்டுப் பேர் "எனக்கும்தான்டா" என்பார்கள். மீதி இரண்டு பேர் பவர் இல்லாத கண்ணாடி போட்டவர்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள், டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள்.

எல்லோருக்கும் தேர்வு வாழ்த்துக்கள். கை நேராகப் போகட்டும்!